ப்ளக்கைப் பிடுங்கும் ஹெட்விகா

"ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தியா?"

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிற எவரும் ஹெட்விகா கொட்ர்போவாவிடமிருந்து கேட்கும் முதல் கேள்வி இதுதான். நிரல் எவ்வளவு அழகு, வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வயரைச் சுவரிலிருந்து வெடுக்கென்று இழுத்து, மறுபடி செருகி, எழுதிய கோப்பு எழுதியபடியே இருக்கிறதா என்று பார்த்தாயா இல்லையா. பார்க்காதவர் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ப்ர்னோ நகரத்தில் நாங்கள் செய்வது கோப்பு முறைமை. 'சேமி' என்று நீங்கள் அழுத்தியதும் அதை டிஸ்க்கில் எங்கே, எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிக்கிற பகுதி. இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் கெர்னலுக்குள் அது ஒரு தொகுதியாக உட்கார்ந்திருக்கும். எங்களுடையதற்கு லீபா என்று பெயர். பதினான்கு வருடமாக அதற்குப் பொறுப்பாளர் ஹெட்விகா. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் லீபாவில் ஒரு வரியை மாற்ற நினைத்தாலும் அது மெயிலாக வர வேண்டும், எல்லோர் கண்ணெதிரிலும் விவாதத்தில் அடிபட வேண்டும், கடைசியில் "பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று அதன் அடியில் ஹெட்விகாவின் பெயர் விழ வேண்டும். விழுந்த பெயரை அப்புறம் யாராலும் அழிக்க முடியாது.

அவர் பிறந்தது வ்செடீன் என்ற சிறு நகரத்தில். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆர்டர் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை. பிற்பகலில் கீழே பெரிய பிரஸ் இயந்திரங்களைக் கிளப்பும்போது மேல்மாடியில் ஒரு கணம் மின்சாரம் போய்விடும். 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொன்ன தாள்களில் பத்துப் பன்னிரண்டு திரும்பி வரும்போது இருக்காது. மேற்பார்வையாளர் அவரைத்தான் திட்டுவார். தாளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி தட்டுவார் ஹெட்விகா. "நான் சோம்பேறி இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப பொய் சொல்றது அந்தத் திரைதான். அதக் கண்டுபிடிக்கத்தான் படிக்கப் போனேன்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது.

இங்கே அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்பார்கள். ஐம்பத்தோரு வயதுக்காரரை அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எழுத்தில் இன்னும் வரவில்லை.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த மெயில் வந்தது. எழுதியவர் வெண்டெலின் ஸ்டோக்லாசா. யெசெனிக் மலைப்பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நீர்வாரிய ஊழியர். ஓடைக்கரைக் குடிசை ஒன்றில் பழைய கணினியை வைத்து நீர்மட்டத்தைப் பதிந்துகொண்டிருக்கிறார். வெளிவரப்போகிற கெர்னலைப் பொழுதுபோக்காக முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

"இந்த வாரம் இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது. இரண்டு முறையும் கடைசி அளவுகளைக் காணவில்லை. சேமித்துவிட்டதாகத்தான் நிரல் சொன்னது. போன மாதம் இப்படி இல்லை. நான் ஏதாவது தவறு செய்கிறேனா?" என்று கேட்டு, தன் டிஸ்க்கின் மாடல் எண்ணையும் கீழே எழுதியிருந்தார்.

எங்கள் குழுவின் ராடிம் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "இந்த டிஸ்க்கா? பொறந்ததுலேர்ந்து உண்மையே பேசாத டிஸ்க் ஆச்சே."

டிஸ்க்குகள் பொய் சொல்லும். நீங்கள் கொடுத்ததை உடனே தட்டில் எழுதாமல் மடியில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்ளும். 'இறக்கு' என்று கெர்னல் ஓர் உத்தரவு கொடுத்தால் மடியிலிருப்பதைக் கீழே எழுதி முடித்துவிட்டுத்தான் 'ஆயிற்று' என்று சொல்ல வேண்டும். மலிவான சில டிஸ்க்குகள் இறக்காமலேயே 'ஆயிற்று' என்றுவிடும். மின்சாரம் போனால் மடி காலி.

ராடிமுக்கு முப்பத்துநாலு வயது. லீபாவில் அந்த மாதம் உள்ளே போயிருந்த பெரிய மாற்றம், நாங்கள் பேட்ச் என்பது, அவனுடையது, எட்டு மாத உழைப்பு. ஓர் 'இறக்கு' ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்றை அனுப்பாமல் அதோடு சேர்ந்துகொள்வது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. நவம்பரில் ஒரு மாநாட்டில் அதைப் பற்றிப் பேச அவனை அழைத்திருந்தார்கள். மாற்றத்தின் மேலே அவன் பெயர், அடியில் ஹெட்விகாவின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த கெர்னல் வெளியாகும். கடலுக்கு அந்தப் பக்கம் அதை வெளியிடுகிறவர் தன் ஞாயிறு காலையில் கடைசி மெயில்களைப் பார்ப்பார். எங்களுக்கு அது மாலை ஆறு மணி. அதற்குமேல் வெளியானது வெளியானதுதான். ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்விடும்.

ஹெட்விகா அந்த மெயிலை மூன்று தரம் படித்தார்.

"டிஸ்க்காத்தான் இருக்கும்," என்றான் ராடிம். "நம்ம ஃபார்ம்ல நாலாயிரம் தடவ கரண்ட்ட வெட்டிப் பாத்தாச்சு. ஒண்ணுகூட போகல."

"ஃபார்ம் பாத்துச்சு. நான் பாக்கல."

"அய்யோ ஹெட்வி, நீ கரண்ட் ஆபீஸ்ல வேலைக்குப் போயிருக்கணும்."

"கூப்பிட்டாங்க. சம்பளம் இங்கத்தவிட ஜாஸ்தி. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு என் வீட்டுக்கு வா. ஆரா, நீயும்."

ஆரா என்பது நான்தான். அறவாழி என்ற முழுப் பெயரை இந்த ஊரில் யாரும் முயன்று பார்த்ததில்லை. நிரலைத் தானாகச் சோதிக்கும் கணினிகளின் கூட்டமான சோதனைப் பண்ணையை, ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வதை, நடத்துகிறவன் நான்.

அவர் வீடு ஊர் ஓரத்து லீஷெனில், எட்டு மாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. ப்ளக் சோதனைக்கான பழைய கணினி அங்கேதான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தின் தீத்தடுப்பு அதிகாரி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடி கழற்றிய பெட்டியும் தொங்குகிற வயரும் கட்டடத்துக்குள் இருக்கவே கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, விருந்தாளிகளுக்கான கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது சமையலறை மேசைமேல் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மடிக்கணினி, ஒரு நாட்காட்டித் தாள், ஒரு பென்சில்.

சோதனை எளிது. பழைய கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைக் கோப்பில் எழுதும். ஒவ்வோர் எண்ணும் பத்திரம் என்று கெர்னல் சொன்னதும் அதை மடிக்கணினிக்குச் சொல்லும். நடுவில் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். பத்து வினாடி. திரும்பச் செருகி, கோப்பிலுள்ள கடைசி எண்ணையும் மடிக்கணினி குறித்துக்கொண்ட கடைசி எண்ணையும் ஒப்பிட வேண்டும். கோப்பு பின்தங்கியிருந்தால் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை பிடுங்க மூன்று நிமிடம்.

"ஸ்விட்ச் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ ஸ்விட்ச் சிக்கிக்கிச்சு. நூறு தடவ அணைச்சதா நெனச்சேன், ஒரு தடவகூட அணையல. அன்னிலேர்ந்து கைதான்."

ஸ்டோக்லாசாவிடம் இருக்கும் அதே மாடல் டிஸ்க்கை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருந்தார். முதலில் அது, புதிய கெர்னலோடு. ஒன்பதாவது பிடுங்கலில் நானூறு எண்கள் காணாமல் போயின. ஹெட்விகா பழைய கெர்னலை, ராடிமின் மாற்றம் இல்லாததை, ஏற்றினார். பதினான்காவது பிடுங்கலில் அதிலும் போயின, முன்னூற்றுச் சொச்சம்.

ராடிம் நாற்காலியில் சாய்ந்தான். "பாத்தியா? பழசுலயும் போகுது. டிஸ்க்தான் திருட்டுப்பய. அந்தத் தாத்தாவுக்குப் போன மாசம் கரண்ட் சரியான நேரத்துல போகல, அவ்ளோதான். கெளம்பலாமா? மழை பேஞ்சு நாலு நாள் ஆச்சு. காட்டுல காளான் குடை மாதிரி நிக்குதாம்."

எனக்கும் மூச்சு வந்தது. பதிலில் எழுத வேண்டிய வரிகள்கூட மனதில் ஓடின. உங்கள் டிஸ்க் உத்தரவை மதிக்கவில்லை, மாற்றிக்கொள்ளுங்கள், நன்றி.

ஹெட்விகா அந்த டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்தார். அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய இன்னொன்றை எடுத்தார். பழைய சுழலும் டிஸ்க். மெதுவானது, கரகரவென்று சத்தம் போடும். ஆறு வருடமாக அவர் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். இறக்கு என்றால் இறக்கும், ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

"டிஸ்க் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சாச்சு," என்றார். "நாம சொல்லலன்னு யார் சொன்னா?"

பிடுங்கினோம். முறை வைத்துக்கொண்டு பிடுங்கினோம். ஒருவர் ப்ளக், ஒருவர் எண், ஒருவர் பென்சில். ஐம்பது. எழுபது. எல்லாம் சரி. சரி என்று வர வர ராடிமின் குரல் உயர்ந்தது, ஹெட்விகாவின் பேச்சு குறைந்தது. பூண்டு சூப் கொண்டுவந்து வைத்தார், அதை நின்றபடியே குடித்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு, எண்ணிக்கைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஹெட்விகா பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆரா, ஒண்ணு கேக்கறேன். பழசுல இந்தத் திருட்டு டிஸ்க் பதினாலுலயே மாட்டிக்கிச்சு. நம்ம ஃபார்ம்லயும் மட்டமான டிஸ்க் நாலஞ்சு இருக்கே. நாலாயிரத்துல அதுல ஒண்ணுகூடவா மாட்டல?"

"மாட்டல."

"எப்படிக் கரண்ட்ட வெட்டுற?"

அந்தக் கேள்வி வரும்வரை எனக்கே அது தோன்றவில்லை என்றால் நம்புவது கடினம். ஆனால் தோன்றவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால்வரை ஃபார்மில் நிஜக் கணினிகள் இருந்தன, ஹெட்விகாவே வயர் இழுத்து ஏற்பாடு செய்தவை. மெதுவாக ஓடின. நான் அவற்றை மாற்றி, மட்டமானவை உட்படச் சில டிஸ்க்குகளை மாட்டிய ஒரு பெரிய கணினிக்குள் நாற்பது போலிக் கணினிகளை உருவாக்கினேன். இரவெல்லாம் ஓடியது பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். மின்வெட்டு என்றால் அந்தப் போலிக் கணினியைச் சட்டென்று கொன்றுவிடுவது.

"கொல்றேன்," என்றேன். "உள்ள இருக்கற மெஷின."

"வெளிய இருக்கறது?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கும்."

போலிக் கணினி தன் டிஸ்க் என்று நினைத்து எழுதியதெல்லாம் பெரிய கணினியின் நினைவுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. இறக்கினாலும் இறக்காவிட்டாலும் அது தொலைய வழியே இல்லை. நாலாயிரம் முறை மின்சாரம் போனதாக நாங்கள் நடித்திருக்கிறோம்.

ராடிம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அப்ப என் பேட்ச்ச யாருமே சோதிக்கலயா?"

ஜனவரியில் என் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதுதான் மனதில் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"என்னையும் சேத்து யாருமே," என்றார் ஹெட்விகா. "அடுத்தவனத்தான் எப்பவும் கேப்பேன். என்னைய கேட்டுக்கல. ராடிம், ப்ளக்."

இருட்டும்வரை பிடுங்கினோம். நூற்று முப்பத்தொன்று. எல்லாம் சரியாகவே வந்தன. கிளம்பும்போது ராடிம் வாசலில் நின்றான். "நாளைக்கும் ஒண்ணும் வரலன்னா விட்டுருவியா?"

"ஆறு மணிக்குள்ள வரலன்னா விட்டுருவேன். ஒண்ணுமே கெடைக்காம மாத்தத்தத் திரும்ப எடுக்கச் சொன்னா அடுத்த தடவ நான் சொல்றத யாரும் கேக்கமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டோம். பன்னிரண்டரைக்கு நாட்காட்டியின் பின்பக்கம் நிரம்பி, கணக்கு இருநூற்றுப் பதினொன்றில் நின்றது. ஒன்றும் போகவில்லை. ஐந்தரை மணி நேரம் பாக்கி. ஹெட்விகாவின் வலது கைக் கட்டைவிரலில் தோல் உரிந்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். முதல் தடவையாக அவர் தயங்குவதைப் பார்த்தேன். ப்ளக்கைப் பிடித்தபடி இழுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார்.

அவர் கணவர் லுபோர் சாப்பிட வந்தார். எட்டாம் எண் ட்ராமை ஓட்டுகிறவர். லீஷென்தான் அதன் கடைசி நிறுத்தம் என்பதால் இடைவேளையில் வீட்டுக்கு வந்து போக முடியும். சீருடையோடே அடுப்பின் முன்னால் நின்று, முந்தினநாள் தானே பறித்துவந்த காளானை முட்டையோடு வதக்கினார்.

"எங்க வீட்ல மனுஷன் சாப்பிடற மேசை ஒண்ணு இருந்துச்சு," என்றார் எங்களிடம். "நீங்க யாராவது பாத்தீங்களா?"

"தட்ட மடில வெச்சுக்க," என்றார் ஹெட்விகா.

"மடில வெச்சுக்கிட்டா பொய் சொல்லுவேன்னு நீதானே சொன்ன." தட்டை நீட்டினார். "சரி, என்னதான் பிரச்சனை? ரெண்டு நாளா வீட்ல யாரும் பேசல."

ஹெட்விகா பொறுமையாகச் சொன்னார். ஓர் இறக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவனுக்கும் இறக்க வேண்டும் என்றால் இரண்டாவது உத்தரவு போடாமல் ஓடுகிறதோடு அவனும் சேர்ந்துகொள்வான். அது முடிந்தால் இவனுடையதும் முடிந்த மாதிரி.

லுபோர் மென்றுகொண்டே யோசித்தார். "நான் கதவ மூடி ட்ராம கெளப்பிட்டேன். அப்பறமா ஒருத்தன் ஸ்டாப்புக்கு ஓடி வர்றான். ட்ராம் போய்க்கிட்டுத்தானே இருக்குன்னு, அது டவுனுக்குப் போய்ச் சேந்ததும், பொண்டாட்டிக்குப் போன் போட்டு 'வந்துட்டேன்'னு சொல்லுவானா?"

"அதெல்லாம் யோசிக்காமலா இருப்பேன்," என்றான் ராடிம் கொஞ்சம் சூடாக. "கெளம்பின ட்ராம்ல ஏறமாட்டாங்க. கதவு மூடியாச்சுன்னு ஒரு கொடி வெச்சிருக்கேன். கொடி தெரிஞ்சா அடுத்த ட்ராமுக்கு நிக்கணும்."

"கொடிய எப்ப தூக்குவ?" என்று கேட்டார் லுபோர். "கதவ மூடறதுக்கு முன்னாடியா, மூடின பெறகா? எங்களுக்கு முன்னாடி மணி அடிக்கணும், அப்பறம்தான் மூடணும். மாத்திப் பண்ணினா யார் காலாவது மாட்டும்."

ஹெட்விகா முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"பெறகு," என்றான் ராடிம் மெல்ல. "ஆனா நடுவுல இருக்கறது ரொம்பச் சின்ன இடைவெளி ஹெட்வி. நானோ செகண்ட்."

"நாம இத்தன நேரம் எத்தன பேர எழுத விட்டோம்?" எண்களை எழுதும் நிரல்களைத்தான் கேட்டார் ஹெட்விகா.

"ஒருத்தன."

"ஒருத்தன் மட்டும் இருந்தா ஓடி வர்றதுக்கு ஆளே இல்லையே." எழுந்துவிட்டார். "பதினாறு பேர எழுத விடு. ஒவ்வொருத்தனும் கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஆரா, எண்ணப் பதினாறு வரிசையாப் பிரிச்சுக் குறிக்கணும், மாத்து."

நான் மாற்றி முடிக்க இரண்டு மணியாகிவிட்டது. ஒருமுறை அவசரத்தில் வரிசையைத் தப்பாகப் பிரித்தேன். ஹெட்விகா பின்னால் நின்று சுட்டிக்காட்டினார், திட்டவில்லை. லுபோர் தன் ட்ராமுக்குப் போனார். புதிய தாள், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

பத்து. இருபது. யாரும் காளானைப் பற்றிப் பேசவில்லை. மூன்று மணிக்கு எங்கள் மேலாளரிடமிருந்து ஹெட்விகாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது: எல்லாம் சரிதானே, வேகத்தைப் பற்றி நாளைக் காலை அறிவிப்பு போடுகிறோம். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மூன்று மணி முப்பத்தைந்துக்கு, முப்பத்தொன்றாவது பிடுங்கலில், எண் படிப்பது என் முறை. பதினாறு வரிசையில் பதினைந்து சரியாக இருந்தன. பதினொன்றாவது வரிசையில் மடிக்கணினி 48,112 பத்திரம் என்று குறித்திருந்தது. கோப்பில் 48,109.

"மூணு கொறையுது," என்றேன்.

ஹெட்விகா வந்து பார்த்தார். ராடிம் வந்து பார்த்தான். பொய் சொல்லாத டிஸ்க். நானூறு இல்லை, மூன்றே மூன்று.

"நீ போட்ட கணக்குல தப்பா இருக்கலாம்," என்றான் ராடிம் என்னிடம். "ரெண்டு மணிக்குத்தானே அவசரமா எழுதின. நேத்து வரைக்கும் நாலாயிரம்னு சொன்ன ஆளு நீ."

அவன் சொன்னது நியாயம்.

"இன்னொண்ணு வேணும்," என்றார் ஹெட்விகா. "ஒண்ண வெச்சுக்கிட்டு யாரையும் எழுப்பக் கூடாது. ராடிம், நீ உன் நிரல ஒக்காந்து படி. எவனோ எழுதினதுன்னு நெனச்சுப் படி. ஆரா, நீ எண்ணு. ப்ளக் என்கிட்ட இருக்கட்டும்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டதெல்லாம் ப்ளக் கழலும் சத்தம், டிஸ்க் சுழன்று அடங்கும் சத்தம், என் குரலில் 'சரி', மறுபடி ப்ளக். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. நாலரை தாண்டியது. இன்னொன்று வரக்கூடாது என்றும் வர வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தால் ராடிமின் எட்டு மாதம் போகும், என் ஃபார்மின் பொய் ஊருக்கே தெரியும். வராவிட்டால் ஆறு மணி.

நாலு நாற்பத்திரண்டுக்கு, ஐம்பத்துநாலாவதில், நான்காவது வரிசையில் ஒன்று குறைந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ராடிம் அடுத்த அறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றான். "இறக்கு போன பெறகுதான் கொடி ஏறுது. அதுக்குள்ள வர்றவன் ஏறிட்டதா நெனச்சுக்கறான். நடுவுல ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரி."

"இங்கயும் வந்துருச்சு," என்றேன்.

ஹெட்விகா ப்ளக்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் பிளாஸ்டரில் ரத்தம் கசிந்திருந்தது.

"அந்த ரெண்டு வரிய மாத்திப் போட்டா போதும்," என்றான் ராடிம். "இப்பவே அனுப்பறேன். பத்து நிமிஷம்."

"அந்தப் பத்து நிமிஷ வேலைய யார் பிடுங்கிப் பாத்தா?"

ராடிம் கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மொத்தமா எடுத்துருவோம். அடுத்த தடவ போகட்டும். உன்னுது நல்ல யோசனை, அது எங்கயும் ஓடிராது."

"நவம்பர்ல நான் என்னத்தப் பேச?"

"இதத்தான். ரெண்டு வரி. கூட்டம் நெறைய வரும்."

மெயிலை அவரே எழுதினார். ராடிம் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மாற்றத்தைத் திரும்ப எடுக்கக் கோரி, இரண்டு பிடுங்கலின் எண்களையும் கொடுத்து, அந்த இரண்டு வரிகளைக் காட்டி, பிறகு எழுதினார்: "இதைப் பார்த்து ஒப்புக்கொண்டது நான். ப்ளக்கைப் பிடுங்கிப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன்."

"என் தப்புன்னு போடு," என்றான் ராடிம். "எழுதினது நான்தானே."

"உன் பேரு மேல ஏற்கெனவே இருக்கு. தப்பா எழுதறது சகஜம், அதுக்குத்தான் கீழ இன்னொரு பேரு. கீழ இருக்கறது என் பேரு."

அப்புறம் இன்னொரு பத்தியைத் தொடங்கினார். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். கடைசிப் பத்தி ஒரே வரியில் நின்றிருந்தது: "எங்கள் சோதனைப் பண்ணை இதை ஏன் பிடிக்கவில்லை என்றால்,"

"இது எனக்குச் சரியா எழுத வராது," என்றார். "வேண்டாம்னா சொல்லு, அந்த வரிய எடுத்துடறேன். ஆனா நம்மள மாதிரி ஃபார்ம் வெச்சிருக்கறவங்க எத்தன பேரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

மணி ஐந்து பதினைந்து. நான் எழுதினேன். எந்த வருடம், எந்த மாதம், எதை எதற்காக மாற்றினேன், அதனால் எது சோதிக்கப்படவே இல்லை. ஆறு வாக்கியங்கள். ஊருக்கே தெரிகிற மெயிலில் என் முழுப் பெயரையும் கீழே போட்டேன், அறவாழி என்று எழுத்துப் பிசகாமல். ஹெட்விகா படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தார். ஐந்து முப்பத்தொன்றுக்கு அனுப்பினார்.

ஸ்டோக்லாசாவுக்குத் தனியாக இன்னொன்று: உங்கள் டிஸ்க் பொய் சொல்லுகிறது, அதை மாற்றுங்கள். அது தவிர, நாங்களும் தப்புப் பண்ணியிருந்தோம். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "எடுத்துவிட்டேன். எண்களுக்கு நன்றி." அவ்வளவுதான். அதற்கும் கீழே, எங்கோ தென்கொரியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் பண்ணையும் இப்படித்தான் கொல்கிறது. இன்றுதான் கவனித்தோம்."

ஹெட்விகா இரண்டையும் படித்துவிட்டு மேலாளரின் எண்ணைத் தட்டினார். "அறிவிப்பு வேண்டாம். காலைல சொல்றேன், இப்ப கவலப்படாத" என்று வைத்துவிட்டார். என்னிடம், "நாளைக்கு மொத வேலையா ஃபார்ம நிறுத்து. பழைய மெஷினெல்லாம் ஆபீஸ் கீழ்த்தளத்துல இருக்கு. ரெண்டு பேருமா தூக்கிட்டு வரலாம்" என்றார். ஜனவரி வரைக்கும் வேலை இருக்கும் போலிருந்தது.

நான் என் மேல்கோட்டைத் தேடினேன். ராடிம் கிளம்பவில்லை. அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றி, புதிய கெர்னலை உருவாக்கி, பழைய கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். டிஸ்க் மறுபடி கரகரக்க ஆரம்பித்தது. போனில் ஸ்டோக்லாசாவின் பதில் ஒளிர்ந்தது, ஹெட்விகா உரக்கப் படித்தார்: "அப்படியானால் நானும் மாற்ற வேண்டும், நீங்களும் மாற்ற வேண்டும். சரி. இங்கே மழை தொடங்கிவிட்டது."

"தாள் இருக்கா?" என்று கேட்டான் ராடிம், ப்ளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஹெட்விகா நாட்காட்டியிலிருந்து இன்னொரு மாதத்தைக் கிழித்துப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"எத்தனையாவது?" என்றான்.

"ஒண்ணு," என்றேன். அவன் இழுத்தான்.